இரண்டு நோய்க்கு ஒரே பத்தியம்

குழந்தைக்கு முழங்கை மடிப்பில் அரிப்பும் நீர்க்கசிவுமாகக் கரப்பான். அப்பாவுக்கு அதே முழங்கையின் வெளிப்புறத்தில், முட்டியின்மேல், வெள்ளி நிறச் செதிலாக உதிரும் சொரியாசிஸ். இரண்டும் தோல் வியாதி, பரம்பரையாக வருபவை, சில வாரம் அடங்கி மறுபடி கிளம்புபவை. அதனால் வீட்டில் இரண்டுக்கும் ஒரே பட்டியல் தயாராகிவிடுகிறது. கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, முட்டை, மீன், வேர்க்கடலை எதுவும் ஆகாது. ‘கரப்பான் பண்டம்’ என்ற பழைய தலைப்பின்கீழ் இருந்த இந்த வரிசையில் அண்மையில் பாலும் கோதுமையும் யூடியூப் புண்ணியத்தில் சேர்ந்திருக்கின்றன. ‘எதை விலக்குவது?’ என்று தொடங்கும் இந்தப் பட்டியல் இரண்டு நோய்க்குமே தவறான இடத்தில் தொடங்குகிறது என்பது என் வாதம். குழந்தைக் கரப்பானில் உணவை விலக்கிக் கிடைக்கும் பலன் சொற்பம். அதற்குக் கொடுக்கும் விலை பெரிதாகலாம். சொரியாசிஸில் எந்த உணவு என்பதைவிட எவ்வளவு உணவு, உடம்பில் எவ்வளவு கொழுப்பு என்பதுதான் கணக்கு. ஒரே அடுப்பில் சமைத்தாலும் குழந்தையின் தட்டில் வகை கூட வேண்டும், அப்பாவின் தட்டில் அளவு குறைய வேண்டும்.

முதலில் கரப்பான். அடோபிக் டெர்மடைடிஸ் என்று மருத்துவர்கள் எழுதும் எக்ஸிமாவைத்தான் இங்கே சொல்கிறேன். இது உள்ளே இருக்கும் ஒவ்வாமை வெளியே தெறிப்பது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். வயிற்றில் சேராதது தோலில் தெரிகிறது என்று நம் வீடுகளில் சொல்வதும் அதே கருத்துதான். 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் குழு கண்டறிந்த விஷயம் இதைப் புரட்டிப் போட்டது. தோலின் மேலடுக்கை இறுக்கிக் கட்டுவது ஃபிலாக்ரின் என்ற புரதம். அது சிதையும்போது உண்டாகும் பொருள்களே தோலில் ஈரத்தைப் பிடித்துவைக்கின்றன. இந்தப் புரதத்துக்கான மரபணுவில் பழுதுள்ளவர்களுக்கு எக்ஸிமா வரும் வாய்ப்பு மிகக் கூடுதல் என்று அந்தக் குழு காட்டியது. எல்லா எக்ஸிமாவுக்கும் இதுவே காரணம் என்று ஆகிவிடாது. இந்தப் பழுது இல்லாமலே நோய் வருகிறவர்கள் நிறைய. ஆனால் கவனம் திரும்பியது. காரை உதிர்ந்த சுவர்போல இடைவெளி விழுந்த தோலில் ஈரம் வெளியே போகிறது, தூசும் கிருமியும் உணவுத் துகளும் உள்ளே வருகின்றன.

உணவுத் துகள் தோல்வழி உள்ளே போனால் என்ன ஆகும்? இந்தக் கேள்விதான் விஷயத்தின் உயிர்நாடி. லண்டனைச் சேர்ந்த குழந்தை ஒவ்வாமை மருத்துவர் கிடியன் லாக் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வேர்க்கடலை ஒவ்வாமை வந்த குழந்தைகளில் பலருக்குக் கைக்குழந்தைப் பருவத்தில், வேர்க்கடலை எண்ணெய் கலந்த களிம்பைப் புண்பட்ட தோலில் தடவியிருந்தார்கள் என்பது அதில் தெரிந்தது. பின்னர் 2008இல் அவர் இதை ஒரு கருதுகோளாகவே முன்வைத்தார். ஒரே உணவு வாய்வழி போனால் உடல் அதைப் பொறுத்துக்கொள்ளக் கற்கிறது. உடைந்த தோல்வழி போனால் அதையே பகையாகப் பாவிக்கக் கற்கிறது. குழந்தைகளிடம் பார்த்த இந்தப் போக்குக்குப் பெரியவர்களிடமிருந்து சாட்சி வந்தது ஜப்பானில். அங்கே பரவலாக விற்ற ஒரு முகம் கழுவும் சோப்பில், சிறு துண்டுகளாக உடைக்கப்பட்ட கோதுமைப் புரதம் சேர்த்திருந்தார்கள். அதுவரை ரொட்டியும் நூடுல்ஸும் சாதாரணமாகத் தின்றுகொண்டிருந்தவர்கள், நாள்தோறும் அந்தச் சோப்பால் முகம் கழுவிய பிறகு, கோதுமை சாப்பிட்டால் உடம்பெங்கும் தடித்து, சிலர் மயங்கி விழும் நிலைக்குப் போனார்கள். பாதிக்கப்பட்டவர்களாகப் பதிவானோர் 2,000க்கும் மேல். வாய் பல ஆண்டுகளாக ஏற்றுக்கொண்டிருந்த உணவை, தோல் சில மாதங்களில் எதிரியாக்கிவிட்டது.

நம்மூரில் குழந்தைக்கு நலங்கு மாவு தேய்த்துக் குளிப்பாட்டும் வழக்கத்தை இந்த வெளிச்சத்தில் ஒருமுறை பார்க்கலாம். பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு எல்லாம் சேர்த்து அரைத்த மாவு. நல்ல தோலில் அதனால் கெடுதல் என்று சொல்ல எந்த முகாந்திரமும் இல்லை. ஆனால் கரப்பான் வெடித்து நீர் கசியும் கன்னத்தில் பருப்பு மாவை அன்றாடம் தேய்ப்பது, மேலே சொன்னதையெல்லாம் வைத்துப் பார்த்தால், வேண்டாத வேலை. ஊகம்தான், ஆனால் கத்தரிக்காயை விலக்குவதற்குச் சொல்லும் காரணத்தைவிட இதற்கு வலு அதிகம். ஒரே வீட்டில் வேர்க்கடலையை வாய்க்குத் தடுத்துவிட்டுக் கடலை மாவைத் தோலில் தேய்க்கிறோம் என்றால், இரண்டையும் தலைகீழாகச் செய்கிறோம் என்று பொருள்.

விலக்குணவை யாரும் சோதிக்காமலில்லை. லண்டனில் டேவிட் ஆதர்ட்டன் குழு 1978இலேயே முட்டையையும் பசும்பாலையும் விலக்கிப் பார்த்தது. எந்த வாரங்களில் எது கொடுக்கப்படுகிறது என்று பெற்றோருக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி நடத்திய சோதனை அது. முழுதாக முடித்த 20 குழந்தைகளில் 14 பேருக்கு விலக்கிய காலத்தில் தோல் மேம்பட்டது. விலக்குணவின் மேலிருந்த நம்பிக்கைக்கு இது அன்று பெரிய ஊக்கம். அடுத்து வந்த சோதனைகளில் இந்தப் பலன் தேய்ந்துகொண்டே போனது. மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2008 தொகுப்பு 9 சோதனைகளை அலசி, முட்டை ஒவ்வாமை இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் கைக்குழந்தைகளுக்கு முட்டையை விலக்குவதில் ஓரளவு பலன் இருக்கலாம், மற்றபடி பொதுவாக விலக்குவதற்கு ஆதாரம் இல்லை என்றது. 2022இல் வந்த இன்னொரு தொகுப்பு 10 சோதனைகள், 599 நோயாளிகள் என்று விரிந்தது. குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள், எதையும் விலக்காத நூறு பேரில் 50. விலக்கிய நூறு பேரில் 59. பலன் பூஜ்யம் என்று நான் சொல்ல வரவில்லை. நூற்றுக்கு ஒன்பது பேர். அதுவும் லேசான முன்னேற்றம். மீதி 91 பேர் எந்தப் பயனும் இல்லாமல் பாலையும் முட்டையையும் இழந்திருப்பார்கள்.

இழப்பு வெறும் ருசி மட்டுமாக இருந்தால் பரவாயில்லை எனலாம். 2016இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, எக்ஸிமாவுக்காக ஓர் உணவை நிறுத்திய குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. அதற்கு முன் அந்த உணவால் உடனடி ஒவ்வாமை எதுவும் காட்டாதவர்களிலேயே 19 சதவீதத்தினருக்கு, விலக்கத் தொடங்கிய பிறகு, அந்த உணவு தப்பித்தவறி வாயில் பட்டவுடன் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் போன்ற புது விளைவுகள் வந்தன. வாய்வழிப் பழக்கம் அறுந்ததும், உடல் கற்றிருந்த பொறுமையும் சேர்ந்து போய்விட்டது என்பதே இதற்கு நியாயமான விளக்கம். ஊட்டக் குறைவு இன்னொரு பக்கம். 2001இல் அமெரிக்க மருத்துவ இதழ்களில் பதிவான குழந்தைகளில் ஒன்றின் கதை இது. எக்ஸிமாவும் பால் சேராது என்ற எண்ணமும் காரணமாக, புரதம் மிகக் குறைவான அரிசிப் பானத்தில் அந்தக் குழந்தை வளர்க்கப்பட்டது. 22 மாத வயதில் குவாஷியோர்கர் என்ற கடும் புரதக்குறை நோயோடு மருத்துவமனைக்கு வந்தது. பஞ்ச நாடுகளின் நோய் என்று பாடப்புத்தகத்தில் படித்தது, வசதியான ஒரு வீட்டில் பத்தியத்தால் வந்தது. குவாஷியோர்கரின் அடையாளங்களில் ஒன்று, தோல் பெயின்ட் உரிவதுபோல உரிவது. கரப்பானுக்கு என்று தொடங்கிய உணவுத் தடை, தோலையே மேலும் கெடுக்க முடியும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

மருத்துவ உலகமே இந்த விஷயத்தில் சறுக்கியிருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2000இல், ஒவ்வாமைக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு முட்டையை 2 வயது வரையும், வேர்க்கடலையையும் மீனையும் 3 வயது வரையும் தள்ளிப்போடச் சொன்னது. 2008இல் அந்த அறிவுரையைத் திரும்பப் பெற்றது. 2015இல் லாக் குழுவின் லீப் சோதனை முடிவுகள் வந்தன. கடும் எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த, 4 முதல் 11 மாத வயதுள்ள 640 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு வேர்க்கடலை கலந்த உணவு, பாதிப் பேருக்கு வேர்க்கடலையே இல்லை. தொடக்கத்தில் தோல் சோதனையில் வேர்க்கடலைக்கு எதிர்வினை காட்டாதவர்களில், 5 வயதில் ஒவ்வாமை வந்தது தவிர்த்தவர்களில் 13.7 சதவீதம்; சாப்பிட்டவர்களில் 1.9 சதவீதம். ஜப்பானில் 2017இல் எக்ஸிமா குழந்தைகளுக்கு ஆறாம் மாதத்திலிருந்து, வேகவைத்த முட்டைப் பொடியை நுண்ணிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வயதில் முட்டை ஒவ்வாமை 8 சதவீதம். கொடுக்காத குழந்தைகளில் 38. அந்தச் சோதனையில் குழந்தைகளின் எக்ஸிமாவுக்குக் களிம்பு மருத்துவம் ஒழுங்காக நடந்தது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கேயே 2023இல் வந்த இன்னொரு சோதனை அதைத் தனியே எடுத்துப் பார்த்தது. கைக்குழந்தைகளின் எக்ஸிமாவை ஸ்டீராய்டு களிம்பால் தீவிரமாக அடக்கியபோது, முட்டை ஒவ்வாமை 41.9 சதவீதத்திலிருந்து 31.4ஆகக் குறைந்தது. களிம்பின் வீரியத்தால் குழந்தைகளின் எடையேற்றம் சற்றுத் தளர்ந்ததால் அதே முறையை அப்படியே பின்பற்றச் சொல்ல முடியாது. ஆனால் காரண காரியம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதில் இனி மயக்கம் வேண்டாம். தோலை ஆற்றினால் உணவு ஒவ்வாமை குறைகிறது.

இங்கே ஒரு நேர்மையான மறுப்பு எழும். ‘முட்டையை நிறுத்தினோம், பத்து நாளில் கரப்பான் அடங்கியது. கண்ணால் பார்த்ததைப் பொய் என்பீர்களா?’ பார்த்தது பொய்யில்லை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் ஐயத்துக்குரியது. கரப்பான் ஏறி இறங்கும் நோய். உச்சத்துக்குப் போகும்போதுதான் நாம் ஏதாவது செய்யத் துணிகிறோம். உச்சத்துக்குப் பிறகு எப்படியும் இறக்கம்தான். அதே வாரத்தில் புதுக் களிம்பு, சோப்பு மாற்றம், வெயில் தணிவு என்று நாலைந்து காரியங்கள் கூடவே நடந்திருக்கும். உண்மையைக் கண்டுபிடிக்க ஒரே வழி, நிறுத்திய உணவை மறுபடி கொடுத்துப் பார்ப்பது. நம் பத்தியங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் பாதியைச் செய்வதே இல்லை. அமெரிக்காவின் டென்வரில் உள்ள நேஷனல் ஜூயிஷ் மருத்துவமனையில், பெரும்பாலும் எக்ஸிமா உள்ள 125 குழந்தைகளுக்கு, அவர்கள் தவிர்த்துவந்த உணவுகளை மருத்துவர் கண்காணிப்பில் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். 2011இல் வெளியான அந்தக் கணக்கில், பத்தில் ஒன்பது சோதனைகளில் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இவர்களில் பலர் ரத்தப் பரிசோதனைத் தாளை நம்பித் தவிர்த்தவர்கள். அந்தத் தாளில், ஒவ்வாமையோடு தொடர்புள்ள ஐஜிஈ என்ற எதிர்ப்பொருளுக்கான பரிசோதனை நேர்மறை என்றால் உடல் அந்த உணவை அடையாளம் கண்டுவைத்திருக்கிறது என்றுதான் பொருள். சாப்பிட்டால் ஒவ்வாமை வரும் என்று பொருளாகாது. ‘96 உணவுகளுக்கு ஒரே சொட்டு ரத்தத்தில்’ என்ற பாணியில் விற்கும் ஐஜிஜி பரிசோதனைகள் இதனினும் மோசம். அவை காட்டுவது நீங்கள் எதையெல்லாம் அடிக்கடி சாப்பிடுகிறீர்கள் என்பதை. அதற்குப் பணம் கட்ட வேண்டாம், சமையலறையைப் பார்த்தாலே தெரியும்.

அப்படியானால் உணவைச் சந்தேகிக்கவே கூடாதா? கூடும். ஓர் உணவைச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் உதடு வீக்கம், உடம்பில் தடிப்பு, வாந்தி வந்தால் அது கரப்பான் பேச்சே இல்லை, உடனடி ஒவ்வாமை. மருத்துவரிடம் போக வேண்டும். ஈரப்பசைக் களிம்பும் ஸ்டீராய்டும் ஒழுங்காகப் போட்டும் அடங்காத கடும் கரப்பான் உள்ள கைக்குழந்தைக்கு, மருத்துவர் சொல்லி ஓர் உணவை இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திப் பார்ப்பதும் நியாயமே. நிறுத்துவதற்கு முன்பே திரும்பத் தொடங்கும் தேதியைக் காலண்டரில் குறித்துவிட வேண்டும். மாதக்கணக்கில் விலகியிருந்த உணவை வீட்டில் துணிந்து கொடுத்துவிடவும் கூடாது; அந்த 19 சதவீதம் நினைவிருக்கட்டும். பால் கொடுக்கும் தாயைப் பத்தியத்தில் வைப்பதற்கு ஆதாரம் இன்னும் மெலிந்தது. பிரசவித்த உடம்புக்குப் புரதமும் கால்சியமும் அதிகம் தேவைப்படும் நேரத்தில், குழந்தையின் கன்னத்துச் சிவப்புக்காகத் தாய் ரசமும் சோறுமாக நாளை ஓட்டுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

பழைய பட்டியலை முழுக்கப் பிதற்றல் என்றும் ஒதுக்க மாட்டேன். மைசூர் வட்டாரத்தில் 741 பேரிடம் கத்தரிக்காய் பற்றிக் கேட்டு, சோதித்தும் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கத்தரிக்காய் சாப்பிட்டால் அரிப்பு போன்ற தொல்லை இருந்தது. உண்மையான ஐஜிஈ ஒவ்வாமையோ நூற்றில் ஒருவருக்கும் குறைவு. கத்தரிக்காயில் இருக்கும் ஹிஸ்டமின் போன்ற பொருள்களே பெரும்பாலோரின் அரிப்புக்குக் காரணம் என்று தெரிகிறது. சரியாகப் பதப்படுத்தாத மீனிலும் ஹிஸ்டமின் சேரும். கருவாடு பட்டியலில் ஏறியதற்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆக, ‘தின்றால் அரிக்கிறது’ என்று முன்னோர் கவனித்தது சரி. அந்த அரிப்பு சில மணி நேரத்தில் போய்விடும். கரப்பானை உண்டாக்குவதோ நீட்டிப்பதோ வேறு. கத்தரிக்காய் தின்றால் ஊறுகிறது என்பவர் கத்தரிக்காயை விடட்டும். வீட்டில் எல்லோரும் எதற்கு விட வேண்டும்?

சொரியாசிஸில் காட்சி மாறுகிறது. இங்கே தோலின் தடுப்புச்சுவரைவிட நோயெதிர்ப்பு அணுக்களின் ஓயாத கிளர்ச்சிதான் மூலம். டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-17 போன்ற தூதுப் பொருள்கள் பெருகி, ஒரு மாதம் எடுத்து மேலே வர வேண்டிய தோலணுக்களைச் சில நாளில் தள்ளிவிடுகின்றன. அதனால்தான் அந்தத் தடித்த செதில். இதே டிஎன்எஃப் சுரக்கும் இன்னொரு இடம் வயிற்றுக் கொழுப்பு. பருமனும் சொரியாசிஸும் சேர்ந்தே காணப்படுவதை எல்லோரும் அறிவார்கள். எது எதைக் கொண்டுவந்தது என்பதுதான் தெரியாமலிருந்தது. பருமனுக்கான மரபணு வேறுபாடுகளை அளவுகோலாக வைத்து, பிரிட்டன், நார்வே தரவுகளில் 2019இல் வெளியான ஆய்வு, உடல் எடை கூடுவது சொரியாசிஸ் வருவதற்குக் காரணமாகிறது என்று காட்டியது. எதிர்த்திசைக்கு அவ்வளவு வலுவான சான்று இல்லை.

எடையைக் குறைத்தால் என்ன ஆகிறது? இத்தாலியில் மருத்துவம் எடுத்தும் தோல் முழுதாகத் தெளியாத, எடை கூடிய 303 நோயாளிகளை 20 வாரம் பின்தொடர்ந்தார்கள். உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் மேற்கொண்ட குழுவில் நோயின் கடுமை 48 சதவீதம் குறைந்தது. அறிவுரை மட்டும் கேட்ட குழுவில் 25.5. அதே நாட்டில் 2008இல் வந்த இன்னொரு சோதனை 61 பேரிடம் நடந்தது. சைக்ளோஸ்போரின் மருந்தோடு குறைந்த கலோரி உணவும் சேர்த்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு நோய் முக்கால் பங்கு தணிந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாக. கோபன்ஹேகனில் நடந்த இன்னொரு எடைக் குறைப்புச் சோதனையில் 60 பேர். 16 வாரத்தில் சராசரியாக 15 கிலோ இறங்கியும் தோலில் வந்த வித்தியாசம் புள்ளியியல் வரம்பை மயிரிழையில் தவறவிட்டது, வாழ்க்கைத் தரம் மட்டும் தெளிவாக உயர்ந்தது. ஆகவே எடை குறைப்பு மருந்துக்கு மாற்று என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. மருந்தோடு சேரும்போது அது கைகொடுக்கிறது. அமெரிக்காவின் தேசிய சொரியாசிஸ் அறக்கட்டளை 2018இல் 55 ஆய்வுகளை அலசி உறுதியாகப் பரிந்துரைத்த ஒரே உணவு மாற்றம் எடை கூடியவர்களுக்கான கலோரிக் குறைப்புதான்.

கோதுமை விலக்கைப் பற்றி அதே ஆவணம் சொன்னது: குளூட்டனுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் இருப்பவர்கள் மட்டும் முயலலாம். நம் பகுதிக்கு இந்த நிபந்தனை இன்னும் இறுக்கமானது. குளூட்டனால் குடல் சிதையும் சீலியாக் நோய், 23,000க்கும் மேற்பட்ட இந்தியர்களைப் பரிசோதித்த ஆய்வின்படி வடக்கே 1.23 சதவீதம், தெற்கே 0.10 சதவீதம்தான். சர்க்கரை நோய்க்காகச் சப்பாத்திக்கு மாறிய அப்பா, சொரியாசிஸுக்காகச் சப்பாத்தியை விட்டு மறுபடி வெள்ளைச் சோற்றுக்குப் போனால் லாபம் எதுவும் இல்லை. மதுவின் கணக்கு வேறு. அதைக் குறைப்பதற்குத் தோலைத் தாண்டியும் காரணம் இருக்கிறது. சொரியாசிஸுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்ஸேட் ஈரலைத் தாக்கக்கூடியது. அதோடு மது சேர்ந்தால் ஆபத்து கூடும். மீன் எண்ணெய், வைட்டமின் மாத்திரை வகையறாவில் சொல்லும்படியான பலன் கிடைக்கவில்லை.

எடை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. தெற்காசியர்களுக்கு உடல் பருமன் சுட்டெண் 23ஐத் தாண்டினாலே எடை கூடுதல் என்று கொள்ள வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. வரம்பு. ‘நான் குண்டில்லையே’ என்கிறவரிடம் டேப்பைக் கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும். அவர் குறைக்க வேண்டியது கத்தரிக்காயை அல்ல, மூன்றாவது கரண்டிச் சோற்றையும் மாலை நேர பஜ்ஜியையும் இனிப்புக் காபியையும். அதே மேசையில் குழந்தைக்கு முட்டையும் பருப்பும் தயிரும், ஒவ்வாமை இல்லையென்றால் நன்கு அரைத்த வேர்க்கடலைச் சட்னியும் போக வேண்டும். முழுக் கடலை தொண்டையில் அடைக்கும், அது ஆகாது. கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு வேர்க்கடலை தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒல்லியாக இருந்தும் சொரியாசிஸ் உள்ளவரின் நிலைதான் இதில் தனி. எடை குறைக்கச் சொல்ல வழியில்லை, விலக்கச் சொல்ல ஆதாரமில்லை. அவருக்குத் தர உணவு அறிவுரை எதுவும் என்னிடம் இல்லை. களிம்பு, ஒளி சிகிச்சை, தேவைப்பட்டால் மாத்திரை, ஊசி என்று தோல் மருத்துவர் தருவதை எடுத்துக்கொண்டு, வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதை அவரும் சாப்பிடலாம்.